ஆட்சேபணை இல்லை

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். மூட்டு வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் சர்க்கரை எந்த மட்டில் இருக்கிறது? பதவியேற்ற அன்றே மாத்திரையை மறந்திருப்பாய், எனக்குத் தெரியாதா.

நீ மந்திரியாகி மூன்று வாரம் ஆகிறது. போன் செய்தால் உன் செயலாளர் எடுக்கிறார். "ஐயா கூட்டத்துல இருக்காங்க" என்கிறார். காலையிலும் கூட்டம், சாயங்காலமும் கூட்டம். முக்கியமானதை வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு என்று, உன் குமாஸ்தாவான என்னை இருபத்திரண்டு வருஷம் விரட்டியவன் நீ. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

ஆபீஸ் நிலவரம் இது. உன் பலகையைக் கழற்றியாகிவிட்டது. ஆனாலும் ஆட்கள் வருகிறார்கள். வக்கீல் மந்திரியாகிவிட்டார் என்று சொன்னால், "சரி, எத்தனை மணிக்கு வருவாரு?" என்று கேட்டுக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்லியே என் தொண்டை வற்றுகிறது.

உன் கையில் இருந்த கேஸ் கட்டுகள் நாற்பத்தொன்று. நாற்பதில் "ஆட்சேபணை இல்லை" என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். அவை வேறு வக்கீல்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. பாக்கி ஒன்றே ஒன்று, நர்ஸம்மாவின் வீட்டு கேஸ். சாலையை அகலப்படுத்த அவர் வீட்டை இடிக்கக் கூடாது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் நீதான் சாலைத் துறைமேல் கேஸ் போட்டாய். இப்போது அந்தத் துறைக்கே நீ மந்திரி. கோர்ட் ரிகார்டுப்படி நர்ஸம்மாவுக்கு வக்கீலும் நீ, எதிர்த்தரப்புக்குத் தலைவனும் நீ. இந்தக் கூத்து நெடுநாள் நடக்காது.

ஜூன் 12 வாய்தா. உன்னிடம் ஜூனியராக இருந்த நெட்டையன் கேஸை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறான். நீ ஒப்பாமல் அவன் எழுந்து பேச முடியாது. யாரும் எழுந்து பேசாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். கடிதம் கிடைத்தது. மாத்திரை தவறவில்லை. உன் மூட்டுக்கு என்ன செய்கிறாய்? மாடி ஏறாதே.

எனக்குக் கொடுத்திருக்கும் வீட்டில் ஒன்பது அறைகள். மூன்றைத்தான் திறந்து பார்த்தேன். காலையில் குளித்துவிட்டு வருவதற்குள் முன்கூடம் நிறைந்துவிடுகிறது. எல்லோர் கையிலும் மனு. வாங்குகிறேன், சிரிக்கிறேன், செயலாளரிடம் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு அவை எங்கே போகின்றன என்று எனக்கே தெரியாது. கோர்ட்டில் ஒரு மனு போட்டால் நம்பராவது விழும்.

கோர்ட்டில் எதிரி எதிர் மேஜையில் இருப்பான். இங்கே பக்கத்து நாற்காலியில் இருக்கிறான், என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறான். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் சாயங்காலம் கால் வீங்கிவிடுகிறது. செருப்பு ஏறுவதில்லை. இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் நின்ற கால் அக்கா, அப்போதெல்லாம் வீங்கவே இல்லை.

பெஞ்சில் வந்து உட்காருகிறவர்களைக் கோபித்துக்கொள்ளாதே. பாவம், பழக்கம்.

வேளைக்குச் சாப்பிடு. கடிதம் எழுது.

தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படு, வீக்கம் வடியும்.

நீ எழுதியது இரண்டு பக்கம். நான் கேட்ட ஒன்று மட்டும் அதில் இல்லை. படிவமும் திரும்பி வரவில்லை. உன் செயலாளரின் மனுக் குவியலுக்குள் போய்விட்டதோ என்னவோ. இன்னொன்று வைத்திருக்கிறேன்.

நேற்று நர்ஸம்மா வந்திருந்தார், கூடவே கண் தெரியாத அந்த மகளும். மகளுக்கு நாற்பது வயது ஆகிறது. அந்த வீட்டுக்குள் அவள் நடமாடுவதை நீ பார்த்திருக்கிறாய். அடுப்பு, குழாய், கொடி, கதவு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. விருந்தாளிக்கு அவளே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள். வாசலைத் தாண்டினால் அம்மாவின் கை வேண்டும். மாற்று வீடு என்று உங்கள் ஆட்கள் காட்டியது நாலாவது மாடி. அம்மாவுக்கு எழுபத்துநாலு வயது. தன் காலத்துக்குப் பிறகு மகள் ஒண்டியாக இருக்க வேண்டிய இடம் எது என்பதுதான் அவருக்குக் கவலை. வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

உன்மேல் கோபமே இல்லை அவருக்கு. "அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும், தொந்தரவு பண்ணாதீங்க" என்று எனக்குப் புத்தி சொன்னார். குடியிருப்போர் கேஸ்களை வாதாடிக்கொண்டிருந்த உன்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னதே அவர்தான். நீ மண்ணைக் கவ்விய அந்த முதல் தேர்தலில் அவர் வீட்டு முன்னறைதான் நமக்கு ஆபீஸ். இரண்டு மாதம் அந்த மகள் உனக்கு டீ கொடுத்தாள். உனக்கு இதையெல்லாம் ஞாபகப்படுத்துவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. பெருக்கல் குறி இந்தத் தடவை சிவப்புப் பென்சிலில்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். சட்டசபை நடந்துகொண்டிருந்தது. உடம்பு பரவாயில்லை. உன் மூட்டு எப்படி?

இந்தச் சாலை தலைவரின் ஆசை. முன்னூறு வீடுகள் போகின்றன. ஒன்றை விட்டால் மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் என் வாசலில் வந்து நிற்கும். இந்தக் கட்சிக்கு வந்ததால்தான் இரண்டாவது தேர்தலில் ஜெயித்தேன் என்பதை ஒரு நாளைக்கு ஒருவராவது எனக்கு நினைவூட்டாமல் இருப்பதில்லை. சிரித்துக்கொண்டே நினைவூட்டுகிறார்கள். துறை மந்திரியே தன் துறைக்கு எதிரான கேஸில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டான் என்று பத்திரிகையில் வந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வக்கீலாக இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. கேஸ் கொடுத்தவர் சொல்வார், நாம் பேசுவோம். நம்மை யாரும் நம்ப வேண்டியதில்லை, ஜட்ஜ் கேட்டால் போதும்.

அவசரமாகக் கிளம்பி வந்தவன் நான். என் மேஜையின் வலது இழுப்பறையை ஒழிக்கவே இல்லை. சாவி உன்னிடம்தான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதிலிருந்து எதை எடுத்தாய், எதற்கு எடுத்தாய் என்று உன்னை ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா? இனியும் கேட்க மாட்டேன்.

வெயில் காலம். வெளியே அலையாதே.

தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இழுப்பறையைத் திறந்தும் பார்த்தேன். மூக்குப்பொடி டப்பா இருந்தது, உடைந்த கண்ணாடி இருந்தது, அடியில் ஆறு வெற்றுத் தாள் இருந்தது. ஆறிலும் கீழே உன் கையெழுத்து.

அந்தத் தாள்கள் எதற்கென்று எனக்குத் தெரியும். நம்பிக்கையான குமாஸ்தாவிடம் வக்கீல்கள் கொடுத்துவைப்பதுதான். உனக்குக் காய்ச்சல் கண்ட நாளில் இரண்டு, ரயில் தவறிய நாளில் ஒன்று நிரப்பியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் போனில், "அக்கா, எடுத்து நிரப்பிக்கோ" என்று நீ சொன்னாய். சொன்ன பிறகுதான் தொட்டேன்.

இப்போது நீ சொல்லவில்லை. சாவி உன்னிடம் இருக்கிறது என்கிறாய். கேட்க மாட்டேன் என்கிறாய். நாளைக்கு யாராவது கேட்டால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வழி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். வக்கீலின் கடிதம், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் உன் அக்கா. கோழியைக் கேட்டா மசாலா அரைக்கிறார்கள் என்பார்கள். நீ என்னைக் கேட்கவும் இல்லை, அரைக்கிறேன் என்று சொல்லவும் இல்லை.

உன் கையால் புதிதாகக் கையெழுத்துப் போட உனக்குப் பயம் என்றால் சரி, மந்திரிக்குப் பயம் இருக்கும். "நிரப்பிக்கொள்" என்று ஒரே வார்த்தை எழுது. அது போதும், நிரப்புகிறேன். புருஷன் போன பிறகு நான் மூலையில் முடங்காமல் இருக்க உன் ஆபீசில் எனக்கு ஒரு நாற்காலி போட்டவன் நீ. அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் திருடி மாதிரி செய்யாமல் உன்னைக் கேட்டுச் செய்யப் பார்க்கிறேன்.

வாய்தாவுக்கு எட்டு வாரம் இருக்கிறது.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். டாக்டர் சர்க்கரை ஏறியிருக்கிறது என்கிறார். கண்ணையும் சோதிக்க வேண்டுமாம். தூக்கம் சரியில்லை. நேற்று ஒரு பாலம் திறந்துவைத்தேன். நாடா வெட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைக்க இடம் தேடிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் படத்தைத்தான் எல்லாப் பத்திரிகையிலும் போட்டிருக்கிறார்கள்.

நீ எது செய்தாலும் சரியாகத்தான் இருக்கும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்த நம்பிக்கை உண்டு.

மூட்டைக் கவனி.

தம்பி


ஜூன் 13

அன்புள்ள தம்பிக்கு,

கண்ணைச் சோதித்தாயா? தள்ளிப்போடாதே.

நிரப்பிவிட்டேன். நேற்று முன்தினம் காலையில் நர்ஸம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்து கேட்டிருந்தால்கூட இல்லை என்று சொல்லியிருப்பேன். நெட்டையன் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தான். "அக்கா, நாளைக்கு நான் எந்திரிச்சா ஜட்ஜ் என் முகத்தப் பாக்க மாட்டாரு, தாளத்தான் பாப்பாரு" என்றான். உன் மே மாதக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். எது செய்தாலும் சரி என்று எழுதியிருக்கிறாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளத் தோன்றியது என்பதுதான் உண்மை.

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி, வழக்கம்போல அன்றைய தேதி போட்டு நெட்டையனிடம் கொடுத்தேன்.

நேற்றைக்கு அவன் நன்றாகப் பேசினான். நீ இருந்தால் நடுவில் இரண்டு தடவை அவன் அங்கியை இழுத்திருப்பாய், அவ்வளவுதான். விசாரணை முடியும்வரை வீட்டை இடிக்கத் தடை கொடுத்துவிட்டார்கள். நர்ஸம்மாவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டாள். போகலாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

எனக்குச் சந்தோஷமாக இல்லை. தப்புச் செய்த மாதிரிதான் இருக்கிறது. நீ ஒரு வரி எழுதினால் அது தீரும்.

அக்கா


ஜூலை 8

சாலைத் துறை அமைச்சர் அலுவலகம்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தாங்கள் நலமென நம்புகிறோம். மாண்புமிகு அமைச்சர் அவர்கள் வழக்கறிஞராகப் பணியாற்றிய அலுவலகத்தின் குமாஸ்தா என்ற முறையில் தங்களுக்கு இது எழுதப்படுகிறது.

ஜூன் 11 எனத் தேதியிட்டு, அமைச்சர் அவர்களின் கையொப்பத்துடன் ஒரு ஆட்சேபணையின்மைத் தாள் நீதிமன்றத்தில் தாக்கலாகியுள்ளது. ஜூன் 2 முதல் 17 வரை அமைச்சர் அவர்கள் அரசுமுறைப் பயணமாக வெளிநாட்டில் இருந்தார்கள். எனவே அத்தாள் செல்லாது என்றும் தடையை நீக்க வேண்டும் என்றும் அரசு வழக்கறிஞர் மனு செய்துள்ளார். விசாரணை ஆகஸ்ட் 5.

அத்தாள் அமைச்சர் அவர்களின் அறிவுக்கும் சம்மதத்துக்கும் அப்பாற்பட்டு, தங்களால் தன்னிச்சையாக நிரப்பப்பட்டது என்பதைப் பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் உறுதி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

அமைச்சரின் செயலாளர்


ஜூலை 12

தம்பிக்கு,

உன் செயலாளர் என் நலத்தை நம்புகிறாராம். அவருக்கு நான் பதில் எழுதப்போவதில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

நீ வெளிநாடு போனது எனக்குத் தெரியாது. தேர்தலுக்குப் பிறகு நான் பத்திரிகை வாங்குவதில்லை. உன் கையில் கத்தரிக்கோல் இருந்ததே, அந்தப் படத்தைக்கூட நான் பார்க்கவில்லை. போகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் வேறு தேதி போட்டிருப்பேன். பார், இதுதான் என் யோசனை. அக்கா அல்ல, குமாஸ்தாதான் யோசிக்கிறாள்.

"தன்னிச்சையாக நிரப்பினேன்" என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுத்தால் உனக்கு ஒன்றும் ஆகாது. தாள் செல்லாது, தடை போய்விடும், மறுநாளே இயந்திரம் வந்து வீட்டை இடிக்கும். நெட்டையனும் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். பாவம், அவனுக்கு இப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

"அவன் சொல்லித்தான் நிரப்பினேன்" என்று சொன்னால் உன் பதவி போய்விடும். ஏப்ரலில் நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. உனக்கும் அது தெரியும்.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள். எந்தக் கண்ணில் எதை வைப்பது என்பதை என்னிடம் தள்ளாதே. இது நீ முடிவு செய்ய வேண்டியது. என் சம்மதத்தோடுதான் அக்கா நிரப்பினாள் என்று நீயே கோர்ட்டுக்கு ஒரு வரி எழுதிவிட்டால், பத்திரிகை நாலு நாள் கத்தும், ஓயும். நேர்மையான ஆள் என்று நாலு பேர் சொன்னாலும் சொல்வார்கள். எழுதுகிறாயா, மாட்டாயா? ஆகஸ்ட் 4 வரை காத்திருப்பேன்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது, தம்பி. வேறு யாராவது ஒருவனின் கேஸாக இருந்தால் உன்னிடம்தான் யோசனை கேட்டிருப்பேன்.

அக்கா


ஜூலை 26

என் அன்பு அக்காவுக்கு,

தம்பியின் பணிவான வணக்கம். உன் உடம்பை நினைத்தால் கவலையாக இருக்கிறது. மூட்டு மாற்று அறுவை இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பிரமாதமாகச் செய்கிறார்கள். தலைமை டாக்டரிடம் நானே பேசிவிட்டேன். இந்த மாதக் கடைசியில் வந்துவிடு, கார் அனுப்புகிறேன். இரண்டு மாதம் என்னோடு தங்கு. ஒன்பது அறையில் எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள். தனியாக அந்த ஆபீசில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய்?

இன்னொன்று. என் வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினால் நன்றாக இருக்கும் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். பழைய விஷயங்கள் எனக்கே மறந்துபோகின்றன. நான் உனக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பிவை. இந்த வருஷத்துக் கடிதங்களையும் சேர்த்து அனுப்பு. வேலை முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

செயலாளர் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவர் வேலை அது.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்

தம்பி


ஆகஸ்ட் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மூட்டு அறுவைக்கு வரப்போவதில்லை. டாக்டரிடம் சொல்லிவிடு, வேறு யாருக்காவது அந்த நாள் பயன்படட்டும்.

நான்காம் தேதி சாயங்காலம் தபால்காரர் தெருவைத் தாண்டிப் போகும்வரை வாசலில் நின்றேன். அப்புறம் உள்ளே போய் உன் கடிதங்களை எடுத்து மேஜைமேல் பரப்பினேன். புத்தகமாம். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது. காவல்காரனை ஏய்க்கிற மாதிரி என்னை ஏய்க்கப் பார்த்தாயே, அதற்குத்தான்.

நேற்று என்ன நடந்தது என்பதை உன் ஆட்கள் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் என் வாயாலும் கேள்.

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது, அந்த மட்டில் நல்லது. தாளை நிரப்பியது நானா என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். யாரைக் கேட்டு நிரப்பினாய் என்றார்கள். உன் ஏப்ரல் கடிதத்தையும் மே மாதக் கடிதத்தையும் கொடுத்தேன். ஜட்ஜ் ஏப்ரல் கடிதத்தை வாய்க்குள்ளேயே படித்தார். வலது இழுப்பறை வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

அப்புறம் அரசு வக்கீல் எழுந்தார். அவர் கையில் ஒரு சீட்டு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, கடிதத்தில் துறையின் முத்திரை இல்லை, பெயரும் இல்லை, தம்பி என்று மட்டும்தான் போட்டிருக்கிறது, இது அமைச்சரின் கையெழுத்துத்தான் என்று உங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். கொஞ்சம் மெதுவாகவே கேட்டார். தெரியவில்லை என்று நான் சொல்வதற்கு இடம் விட்டு நின்றார். அந்த இடம் எனக்கு நன்றாகவே தெரிந்தது, தம்பி. அதற்குள் போய் நின்றுகொள்ளத்தான் மனது அடித்துக்கொண்டது. பின்பெஞ்சில் நர்ஸம்மாவின் மகள் தலையைச் சாய்த்து என் குரலுக்காகக் காத்திருந்தாள்.

"நிச்சயமாச் சொல்வேங்க" என்றேன்.

"எப்படி?"

"அவன் கையப் புடிச்சு மொத மொத எழுத வெச்சதே நான்தாங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

வக்கீல் சம்மதித்துத்தான் தாள் நிரப்பப்பட்டது, அதற்காக நர்ஸம்மாவைத் தண்டிக்க முடியாது என்று ஜட்ஜ் சொன்னார். தடை தொடர்கிறது. நெட்டையன் புதிதாக வக்காலத்துப் போட அனுமதி கொடுத்தார். என்னைத்தான் கடிந்துகொண்டார். வெற்றுத் தாளை நிரப்பிய குமாஸ்தா இனி எந்த வக்கீல் ஆபீசிலும் வேலை செய்யக் கூடாது என்று உத்தரவு. சரிதான் என்று எனக்கும் பட்டது. சாயங்காலமே சாவிகளை நெட்டையனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலியை ஒரு தடவை தட்டிக்கொடுத்தேன், யாரும் பார்க்கவில்லை.

உன்னைக் கெடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன், ஆனால் நிம்மதியாகவும் இல்லை.

மாத்திரை, சாப்பாடு இரண்டையும் இப்போதுதான் விடக் கூடாது.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

வணக்கம். உயிரோடு இருக்கிறேன். சாப்பிடுகிறேன்.

நான் பதவி விலகினேன் என்று பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. நீ படித்திருக்க மாட்டாய். தலைவர் வீட்டுக்கு வரச்சொன்னார்கள். விலகல் கடிதத்தை அவர்களே அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். பேனாவும் அவர்களுடையது. கையெழுத்து மட்டும் என்னுடையது. படித்துப் பார்க்காமல் போட்டுவிட்டு வந்தேன். கார் வாசலில் இல்லை. கடைத்தெருவரை நடந்தேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

நர்ஸம்மாவின் வீடு தப்பிவிட்டது என்று நினைத்துவிடாதே. எனக்குப் பதிலாக வந்திருப்பவர் மேல்முறையீடு செய்வார். நெட்டையனைத் தயாராக இருக்கச் சொல்.

உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். அரசு வக்கீல் கையில் இருந்த சீட்டை எழுதிக் கொடுத்தவன் நான். நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள், மெதுவாகக் கேளுங்கள் என்று அவரிடம் போனில் சொன்னதும் நான்தான். நீ தடுமாறுவாய், எனக்காக ஒரு பொய் சொல்வாய் என்று நம்பினேன். எப்படி என்று கேட்கச் சொல்லி நான் எழுதவில்லை. அதை அவராகக் கேட்டிருக்கிறார். நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். கேட்டிருந்தால் நானும் உட்கார்ந்துதான் போயிருப்பேன்.

பதவி போனதற்காக நான் அழவில்லை. உன்னைக் கூண்டில் நிற்க வைத்துவிட்டு, நீ பொய் சொல்வாய் என்று இங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதற்காகத்தான். உன் வேலையும் என்னால்தான் போயிற்று. அதற்கு நான் என்ன எழுதினாலும் பொய்யாகத் தொனிக்கிறது.

சனிக்கிழமை வருகிறேன். முதலில் நர்ஸம்மா வீட்டுக்குப் போவேன். அங்கே என்ன பேசுவது என்று தெரியவில்லை அக்கா. பேசியே பிழைத்தவன் நான், ஒரு வாக்கியம்கூட வரமாட்டேன் என்கிறது. நீயும் கூட வந்தால் நல்லது. வராவிட்டாலும் போவேன்.

தம்பி